என் குரல் கேட்காத கடை

ஜூலை 2, புதன்

இந்த நாட்குறிப்பில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். மற்றவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னதாகவே எழுதுவேன்; அது உண்மையா என்பது அவரவர் பொறுப்பு.

'சாலைப் பாதுகாப்பில் மாணவர் பங்கு' பேச்சுப் போட்டியில் முதல் பரிசாக எனக்கு இந்த டைரி கிடைத்தது. போன வருடத்து டைரி. எல்லாக் கிழமைகளும் தப்பு. நானே அடித்துத் திருத்திக்கொள்கிறேன். அரசு கொடுத்த பரிசைக் குறை சொல்லக் கூடாது.

என் பெயர் இந்துஜா. காரைப்புதூர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. அப்பா சென்னியப்பன், மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். அம்மா ருக்குமணி, பனியன் கம்பெனியில் செக்கிங். அப்பா தினமும் ஆறரைக்குப் பட்டறையைச் சாத்திவிட்டு, பைக்கை வீட்டில் நிறுத்திவிட்டு, நடந்து போய் ஒரு நண்பரைப் பார்த்துவிட்டு எட்டரைக்கு நடந்தே வருவார். நண்பர் யார் என்று நான் கேட்டதில்லை. அவருடைய வீடு அரசு மதுக்கடைப் பக்கம் இருப்பதாகத் தெரிகிறது.

எங்கள் வீட்டில் எல்லோரும் வந்து சேர்ந்த பிறகுதான் கூடத்து விளக்கை அணைப்பது வழக்கம். அந்த நேரத்தையும் குறித்து வைக்கிறேன். பிற்காலத்தில் யாருக்காவது பயன்படலாம்.

விளக்கு அணைத்தது: 9.10.

ஜூலை 4, வெள்ளி

இன்று தலைமையாசிரியர் அறைக்கு மாவட்ட விழிப்புணர்வு அலுவலர் இளம்பரிதி சார் வந்திருந்தார். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைத் தடுக்க இந்தியாவிலேயே யாரும் யோசிக்காத ஒரு திட்டத்தை அவர் யோசித்திருக்கிறார். பெயர்: மகள் குரல் இயக்கம். மதுக்கடை வாசலில் பேசும் பெட்டி ஒன்று இருக்கும். வண்டி வந்து நின்றதும் அதுவாகவே ஒரு மகளின் குரலில் பேசும். அந்த மகள் நான்.

"உச்சரிப்புல இவளை அடிச்சுக்க ஆளில்லீங்க சார்" என்றார் தமிழாசிரியை ஜெயக்கொடி டீச்சர். எனக்குக் காது சூடாகிவிட்டது.

பேச வேண்டியதை அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்: 'அன்புள்ள அப்பாவே! தயவுசெய்து குடிக்காதீர்கள். குடித்தால் வண்டியைத் தொடாதீர்கள். உங்கள் மகள் வாசலில் காத்திருக்கிறேன்.' சார் படித்துப் பார்த்துவிட்டு, சிவப்புப் பேனாவால் 'தயவுசெய்து குடிக்காதீர்கள்' என்பதை அடித்தார்.

"அது எதுக்கு சார்?" என்று கேட்டேன்.

"குடிக்காதீங்கன்னு நாம சொல்லக் கூடாதும்மா. கடையும் நம்முதுதானே? ஓட்டாதீங்கங்கறதுதான் நம்ம துறை. குடிக்காதீங்கங்கறது வேற துறை."

துறைகள் இவ்வளவு தெளிவாகப் பிரிக்கப்பட்டிருப்பதை இன்றுதான் அறிந்தேன். குடிமையியல் பாடத்தில் இது இல்லை.

விளக்கு அணைத்தது: 9.05.

ஜூலை 7, திங்கள்

தாலுகா அலுவலகப் பதிவறையில் ஒலிப்பதிவு. பழைய கோப்புகள் எதிரொலியை உறிஞ்சிவிடுமாம். இத்தனை ஆண்டுகளாக மக்கள் சொன்னதையெல்லாம் உறிஞ்சிய அனுபவம் அவற்றுக்கு உண்டு என்று ஜெயக்கொடி டீச்சர் என் காதில் சொன்னார். பதினோரு முறை பேசினேன். "காத்திருக்கிறேன்னு சொல்றப்ப இன்னும் கொஞ்சம் அழுகை வரட்டும்மா" என்றார் சார். எனக்கு வரவில்லை. அப்பாதான் எட்டரைக்கு வந்துவிடுகிறாரே.

பெற்றோர் சம்மதப் படிவம் நான்கு பக்கம். அப்பா கையில் செம்புக் கம்பியோடு, "எங்க கண்ணு போடோணும்?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்க்கச் சொன்னேன். "நீ படிச்சீல்ல, போதும்" என்றார். நான் இரண்டு பக்கம் வரை படித்திருந்தேன்.

விளக்கு அணைத்தது: 9.15.

ஜூலை 14, திங்கள்

திறப்பு விழா. மஞ்சள் பெயிண்ட் அடித்த இரும்புப் பெட்டி, மதுக்கடை வாசல் கம்பத்தில். மேலே கண்கள் மாதிரி இரண்டு சிவப்பு விளக்குகள். பேசும்போது எரியும். யாராவது கிட்டே போனால் பேசும். வண்டி, ஆள், ஆடு என்ற பாகுபாடு அதற்குக் கிடையாது.

பதினொன்றரைக்கு ஆட்சியர் ரிப்பன் வெட்டினார். கடை பன்னிரண்டுக்குத்தான் திறக்கும். விழா முடிந்த பிறகே திறக்கப்படும் என்று கடை சூப்பர்வைசர் தங்கவேலு அறிவித்திருந்ததால், வரிசையில் நின்ற எண்பது பேரும் பலமாகக் கைதட்டினார்கள். சீக்கிரம் முடியட்டும் என்ற ஆர்வம் அந்தக் கைதட்டலில் இருந்தது. ஒரு விழிப்புணர்வு விழாவுக்கு இவ்வளவு கூட்டம் வந்து நான் பார்த்ததில்லை.

அப்பா வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். என் குரல் வந்ததும் பக்கத்தில் இருந்தவரிடம், "நம்ம புள்ளைங்க" என்றார். இரண்டு முறை சொன்னார்.

மாலையில் நண்பரைப் பார்க்கப் போனவர் கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டார்.

"என்னுங், அதுக்குள்ள?" என்றார் அம்மா.

"ஊர்ல இல்லையாட்ட இருக்குது."

விளக்கு அணைத்தது: 8.50. இது ஒரு சாதனை.

ஜூலை 15, செவ்வாய்

நண்பர் நல்லூர்மேட்டுக்குக் குடிபோய்விட்டாராம். அப்பா சொன்னது. பதினான்கு கிலோமீட்டர். நடந்து போக முடியாதல்லவா, பைக்கில் போனார்.

நல்லூர்மேட்டிலும் ஒரு மதுக்கடை இருக்கிறது. இது பொது அறிவு.

விளக்கு அணைத்தது: 10.20.

ஜூலை 18, வெள்ளி

கணக்குத் தேர்வு. அப்பா நல்லூர்மேடு. விளக்கு அணைத்தது: 10.55.

ஜூலை 22, செவ்வாய்

நான் புகழ் பெற்றுவிட்டேன். பேருந்து நிறுத்தத்தில் ஒருவர், "டேய், பொட்டிப் புள்ள போகுது, வண்டிய ஓரம் கட்டு" என்றார். இன்னொருவர், "அன்புள்ள அப்பாவே" என்று என்னைப் போலவே சொல்லிக் காட்டினார். உச்சரிப்பு மோசம்.

சூப்பர்வைசர் தங்கவேலு பள்ளிக்கே வந்து பாராட்டினார். "உன்ற கொரலுக்கு என்னா சக்தி கண்ணு! வேற யாரு திருந்துனாங்களோ இல்லியோ, உங்கப்பன் கடைப்பக்கம் தலைவெச்சே படுக்கறதில்ல. ஒரு வாரமாச்சு, ஆளையே காணம்!"

டீச்சர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். நானும் பெருமையாக இருக்க முயன்றேன்.

விளக்கு அணைத்தது: 11.05.

ஜூலை 25, வெள்ளி

அப்பாவின் முழங்கையில் சிராய்ப்பு. பைக்கின் இடப்பக்கக் கண்ணாடி இல்லை. குறுக்கே ஓர் எருமை வந்துவிட்டதாம். அப்பா சொன்னது. அந்த எருமை விளக்கில்லாமல், கைகாட்டாமல், ராத்திரி பத்து மணிக்கு நல்லூர்மேட்டுச் சாலையில் வந்திருக்கிறது. எருமைகளுக்கும் ஒரு விழிப்புணர்வு இயக்கம் தேவை.

அம்மா டெட்டால் வைத்துத் துடைத்தபடி, "எரும மேல தப்புச் சொல்லாதீங். அதுக்குப் பொட்டி வெச்சு யாரும் சொல்லித் தர்றதில்ல" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் மடியில் இருந்த அகராதியைப் பார்த்தேன்.

விளக்கு அணைத்தது: 11.25.

ஜூலை 29, செவ்வாய்

மழையில் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. 'அன்ன்ன்... ப்பாவே' என்று பேய் மாதிரி பேசியது. ஊரில் மின்வேலை தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். தங்கவேலு அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். பள்ளி விட்டு வரும்போது, ஸ்டூல் மேல் நின்று அப்பா பெட்டிக்குள் கை விட்டுக்கொண்டிருந்தார்.

"சென்னியப்பா, கெடக்குது உடு. ரெண்டு நாளைக்கு நிம்மதியா யாவாரம் பாத்துக்கறம்" என்றார் தங்கவேலு.

"எம்புள்ள கொரலு கரகரங்குதுங்க. அப்படியே உட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?"

இரண்டு மணி நேரம் வேலை செய்தார். ஸ்பீக்கரைக் காயவைத்து, கம்பிகளைப் புதிதாகப் பற்றவைத்து, மூடிக்கு ரப்பர் வைத்தார். பிறகு கிட்டே போய் நின்று கேட்டார். பின்னால் நகர்ந்து வந்து, மறுபடி போய் நின்று கேட்டார். மூன்று முறை. என் குரல் பதிவறையில் இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று எழுதுகிறேன்.

கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு நல்லூர்மேட்டுப் பக்கம் போனார்.

விளக்கு அணைத்தது: 11.40.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலையில் பட்டறைக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டு போனேன். அப்பா தனியாக இருந்தார்.

"ஏனுங்ப்பா, முந்தி மாதிரி இங்கயே போனா என்னுங்?" என்று கேட்டேன். எங்கே என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கம்பி சுற்றினார். எத்தனை சுற்று என்பதை விட்டுவிட்டார் போலிருக்கிறது, எல்லாவற்றையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.

"அந்தப் பொட்டி முன்னால நிக்க முடியல கண்ணு. மத்தவிங்களுக்கு அது பொட்டி. எனக்கு நீயி நிக்கறாப்பல இருக்குது. உம்பட முன்னால நின்னு எப்படி வாங்கறது?"

அப்படியென்றால் வாங்காமலே இருக்கலாமே என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த வரி ஏற்கெனவே சிவப்பு மையால் அடிக்கப்பட்டுவிட்டது.

இனி இந்த டைரியில் நண்பர் என்று எழுத மாட்டேன். நண்பர் கிடையாது.

விளக்கு அணைத்தது: 11.30.

ஆகஸ்ட் 4, திங்கள்

அம்மா லீவு போட்டார். இருவரும் கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் போனோம். மனுவை நானே எழுதினேன்: 'காரைப்புதூர் கடையில் மட்டும் என் குரலை நிறுத்தித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். காரணம்: அந்தக் கடைக்கு நடந்தே போய் நடந்தே வரக்கூடியவர் ஒருவர் ஊரில் இருக்கிறார்.'

மனுவை வாங்கியவர் இரண்டு முறை படித்துவிட்டு, "கடையை மூடச் சொல்லி வரும். ரோடு கேட்டு வரும். இது புதுசா இருக்கே" என்று சொல்லி எங்களை இளம்பரிதி சாரிடம் அனுப்பினார்.

"நல்லாப் போயிட்டிருக்கற திட்டத்தை நிறுத்தச் சொல்றியேம்மா! காரைப்புதூர்ல மூணு வாரமா குடிச்சுட்டு ஓட்டுன கேஸ் ஒண்ணுகூட இல்ல. தெரியுமா?"

"நல்லூர்மேட்டுலங்க சார்?"

"அங்கதான் கூடிருக்கு. அதனாலதான் அடுத்த பெட்டி அங்க வைக்கறோம்."

"அங்க வெச்சா ஆத்துப்பாலம் கடைக்குப் போயிருவாங்க சார். முப்பத்தொரு கிலோமீட்டர். பைபாஸ்."

"அங்கயும் வைப்போம். மாவட்டத்துல நாப்பத்திரண்டு கடைக்கும் வைப்போம்."

"அப்புறமுங்க சார்?"

சார் சுவரில் இருந்த மாவட்ட வரைபடத்தைப் பார்த்தார். "அப்புறம் பக்கத்து மாவட்டம். அது நம்ம எல்லை இல்ல."

அம்மா ஓர் அடி முன்னால் வந்தார். "சாருங், எங்கூட்டுக்காரரு எல்லை பாத்துக் குடிக்கறவரு இல்லீங்" என்றார். சார் மணியை அடித்து அடுத்தவரை உள்ளே கூப்பிட்டார்.

மனுவுக்கு ரசீது கொடுத்தார்கள். வெறுங்கையோடு திரும்பினோம் என்று யாரும் சொல்ல முடியாது.

விளக்கு அணைத்தது: 11.35.

ஆகஸ்ட் 11, திங்கள்

பதில் வந்துவிட்டது. ஒரே வாரத்தில். அரசு இயந்திரம் மெதுவாக நகர்கிறது என்று சொல்கிறவர்கள் வெட்கப்பட வேண்டும்.

'மனுதாரரின் தந்தை அளித்த சம்மதப் படிவம், பக்கம் மூன்றின்படி, பதிவு செய்யப்பட்ட குரல் ஐந்து ஆண்டுகளுக்கு இவ்வியக்கத்திற்கு உரியது. மனு முடிக்கப்பட்டது.'

பக்கம் மூன்று. நான் இரண்டோடு நிறுத்தியிருந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்றை முழுதும் படிக்காமல் விட்டேன், அதற்குள் என் குரல் போய்விட்டது.

நல்லூர்மேட்டில் சனிக்கிழமை பெட்டி வைத்துவிட்டார்கள். அப்பா இப்போது ஆத்துப்பாலம்.

விளக்கு அணைத்தது: சனி 12.15. ஞாயிறு 12.40. இன்று 12.30.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சுதந்திர தின விழாவில் எனக்குச் சான்றிதழ். அப்பாவும் அம்மாவும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இளம்பரிதி சார் மைக்கில், "இந்த இயக்கத்தோட வெற்றிக்கு இதைவிடச் சான்று வேணுமா? இந்தக் குழந்தையோட சொந்த அப்பாவே இப்ப காரைப்புதூர் கடைப் பக்கம் வர்றதில்லையாம்! அவரும் இங்கதான் இருக்கார். எழுந்திருங்க சார்!" என்றார்.

அப்பா எழுந்து நின்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அப்பாவும் கைதட்டினார். இன்னும் ஆறாத முழங்கையால் சரியாகத் தட்ட முடியவில்லை. அம்மா மட்டும் தட்டவில்லை. மடியில் இருந்த பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார்.

திரும்பி வரும்போது மதுக்கடைக்கு விடுமுறை. பூட்டிய கடை முன்னால் ஏழெட்டு ஆடுகள் படுத்திருந்தன. 'குடித்தால் வண்டியைத் தொடாதீர்கள்' என்று பெட்டி அவற்றிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. இதுவரை நூறு சதவீதம் கீழ்ப்படிந்தவை அவைதான்.

அப்பா நாள் முழுதும் வீட்டில் இருந்தார். எனக்கு மின்சுற்றுப் படம் வரைந்து தந்தார். கோடுகள் கோணலாக வந்தன.

விளக்கு அணைத்தது: 8.45.

ஆகஸ்ட் 18, திங்கள்

விளக்கை அணைக்கவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலை 5.50க்குப் பால் வண்டியில் அப்பா வந்தார். பைக் ஆத்துப்பாலத்துக்கு இந்தப் பக்கம், வாய்க்காலில் கிடக்கிறது. தண்ணீர் திறந்துவிடாத மாதம் என்பதால் அப்பா இருக்கிறார். திறந்துவிடுவது பொதுப்பணித் துறை. என் அப்பாவைக் காப்பாற்றியது வேறு துறைதான்.

நெற்றியில் நான்கு தையல். இந்த முறை எருமை எதுவும் வரவில்லை. அம்மா திட்டவில்லை. வெந்நீர் வைத்தார். அப்புறம் அடுப்படியில் போய் உட்கார்ந்தவர் கம்பெனிக்குப் போகவேயில்லை.

பள்ளி விட்டு வந்து பார்த்தால், கூடத்து விளக்கு நேற்று ராத்திரியிலிருந்து எரிந்துகொண்டே இருந்தது. அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுவேன் என்று முதல் பக்கத்தில் எழுதியிருப்பதால் இதையும் எழுதுகிறேன்.

காலை ஏழே காலுக்குச் சிறப்பு வகுப்பு என்று சொல்லிக் கிளம்பினேன். சிறப்பு வகுப்பு கிடையாது. பையில் அப்பாவின் கட்டிங் பிளேயர், ஒரு திருப்புளி. கடை பூட்டியிருந்தது, ஆள் இல்லை. கம்பத்துக்குக் கீழே தங்கவேலு உட்காரும் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். கிட்டே போனதும் சிவப்புக் கண்கள் எரிந்தன. 'அன்புள்ள அப்பாவே!' என்றேன் நான், பெட்டிக்குள்ளிருந்து. ஒருவர் பேசும்போது குறுக்கிடக் கூடாது என்பதால் முழுதும் கேட்டேன். காத்திருக்கிறேன் என்று சொல்லும் இடத்தில் அழுகையே இல்லை. இளம்பரிதி சார் சொன்னது சரி. இப்போது சொல்லச் சொன்னால் வரும்.

முதலில் மெயினை அணைத்தேன். அது அப்பா சொல்லித் தந்தது. பிறகு மூடியைத் திறந்து, சிவப்புக் கம்பியை இரண்டு இடத்தில் வெட்டி, நடுத்துண்டை எடுத்துவிட்டேன். சும்மா வெட்டினால் முறுக்கிச் சேர்த்துவிடுவார்கள். அந்தத் துண்டு இந்த டைரிப் பக்கத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டப்பட்டிருக்கிறது.

மூடியைப் போட்டு, பிளேயரைப் பட்டறை ஆணியில் மாட்டிவிட்டு, முதல் மணி அடிப்பதற்குள் பள்ளிக்குப் போய்விட்டேன்.

அப்பா இன்றும் வெளியே எங்கும் போகவில்லை, படுத்திருந்தார். விளக்கு அணைத்தது: 9.30.

ஆகஸ்ட் 21, வியாழன்

மாலையில் கடை முன்னால் கூட்டம். இளம்பரிதி சார் ஜீப்பில் வந்திருந்தார். பெட்டி பேசவில்லை என்று அப்பாவை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். தையல் போட்ட நெற்றியோடு அப்பா ஸ்டூல் மேல் நின்றிருந்தார். நான் புத்தகப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன்.

அப்பா மூடியைத் திறந்தார். வெட்டிய முனையை விரலால் தடவிப் பார்த்தார். அப்பாவின் பிளேயரில் ஒரு பல் உடைந்திருக்கும். அதில் எதை வெட்டினாலும் ஓரத்தில் சின்னப் பிசிறு நிற்கும். இருபது வருடமாக அவர் கையில் இருக்கும் பிளேயர். இதை நான் மறந்துவிட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து அதே பிளேயரை எடுத்து முனையோடு வைத்துப் பார்த்தார். பிறகு கூட்டத்துக்குள் தேடி, என்னைப் பார்த்தார்.

"என்னாச்சு மெக்கானிக்? யாராவது வெட்டிட்டாங்களா?" என்றார் சார்.

அப்பா மெதுவாக மூடியைப் போட்டார். நான்கு திருகையும் முடுக்கினார்.

"இல்லீங் சார். போர்டே கருகிப் போச்சுங். இது இனி ஆகாதுங்."

"மாத்திடலாமா?"

"கம்பெனி போர்டு சார். டெண்டர் போட்டுத்தானுங்க வாங்கோணும்?"

"ஆமா... டெண்டர்தான்."

"அப்ப அவசரமில்லீங்."

தங்கவேலு வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். சார் குறிப்பேட்டில் 'இயற்கைக் காரணங்கள்' என்று எழுதிக்கொண்டார்.

கீழே இறங்கிய அப்பா என் பக்கம் வந்து, பிளேயரை என்னிடம் நீட்டினார். "போறப்ப பட்டறைல வெச்சுடு கண்ணு. எடுத்தது எடுத்த எடத்துல இருக்கோணும். காத்தால பாத்தா ஆணி மாறித் தொங்குச்சு."

ஆறரைக்கு அப்பா நடந்து போனார். வாசற்படியில் உட்கார்ந்து வரலாற்றுப் பாடம் படித்தேன். எட்டு இருபதுக்குச் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு கால் கொஞ்சம் இழுத்து, ஒரு கால் கொஞ்சம் தள்ளி, ஆனால் நடந்து. அவர் அருந்தியிருந்தார். இந்த வார்த்தையை இந்த டைரியில் முதல் முறையாக எழுதுகிறேன்.

அம்மா தோசை ஊற்றினார். இரண்டாவது தோசையில் அப்பா, "அதைய ஒருக்காச் சொல்லு கண்ணு" என்றார்.

"எதைங்ப்பா?"

"பொட்டீல சொன்னதை."

எழுந்து நின்று சொன்னேன். சிவப்பு மையால் அடித்த வரியையும் சேர்த்துச் சொன்னேன். இங்கே துறைகள் இல்லை. அப்பா சட்னியைப் பார்த்தபடி இருந்தார். அம்மா தோசைக் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றார், தோசை கருகியது.

"நல்லாத்தான் சொல்றே" என்றார் அப்பா. "அவன் எதுக்கு அந்த வரிய எடுத்தான்?"

கருகிய தோசையை அவரே வாங்கிச் சாப்பிட்டார்.

மூன்று பேரும் வீட்டில் இருக்கிறோம்.

விளக்கு அணைத்தது: 9.05.